சருகணியில் பூசை, ஓரியூரில் சோறு

“ஆண்டவர் எனக்குச் செய்த எல்லா நன்மைகளுக்காகவும் நான் அவருக்கு என்ன கைம்மாறு செய்வேன்?” என்று 116ஆம் திருப்பாடல் கேட்கிறது. கேட்டவர் சாவின் வாசல் வரை போய் மீண்டவர். அடுத்த வரியிலேயே பதிலும் சொல்கிறார். மீட்பின் கிண்ணத்தைக் கையில் எடுத்து ஆண்டவரின் பெயரைத் தொழுவாராம். என்ன கொடுப்பேன் என்று கேட்டவர், அவர் தருவதையே மறுபடியும் வாங்கிக்கொள்கிறார். இந்த இரண்டு வரிகளும் பல மாதங்களாக என்னை விடவில்லை.

போன ஆடியில் என் மனைவிக்கு மதுரையில் இருதய ஆபரேஷன். நல்லபடியாக முடிந்தது. காரைக்குடிக்குத் திரும்பி, அவள் மெல்ல நடமாடத் தொடங்கியதும் அப்பத்தா கேட்ட முதல் கேள்வி: “ஏப்பா, புள்ளையக் காப்பாத்திக் குடுத்துட்டாரு. சாமிக்கு என்ன செய்யப் போறீக?”

வெள்ளியில் ஓர் இருதயம் செய்து கோயிலில் வைக்கலாம் என்றேன் நான். முடி கொடுக்கிறேன் என்றாள் என் மனைவி. அப்பத்தா இரண்டையும் மறுக்கவில்லை. “அதெல்லாம் செய்யுங்க. ஆனா சோறு போடணும். தை அறுப்பு முடியட்டும், புது அரிசியில போடுவோம்” என்று முடித்துவிட்டார்.

சோறு எதற்கு என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு லேவியர் புத்தகம் ஏழாம் அதிகாரத்தைப் படித்தபோது அசந்துபோனேன். அங்கே நல்லுறவுப் பலியில் நன்றிக்காகக் கொடுப்பதற்குத் தனி ஒழுங்கு இருக்கிறது. பொருத்தனைக்காகவோ தானாக விரும்பியோ கொடுத்த பலியின் இறைச்சியை மறுநாளும் சாப்பிடலாம். நன்றிக்காகக் கொடுத்ததை மட்டும் அன்றைக்கே சாப்பிட்டு முடிக்க வேண்டும், விடியும்வரை எதையும் மீதி வைக்கக் கூடாது. கூடவே அப்பமும் வேண்டும், புளித்ததும் புளியாததும். ஓர் ஆட்டை ஒரு வீட்டார் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? ஆள் கூப்பிட்டாக வேண்டும். வந்தவர்கள் என்ன விசேஷம் என்று கேட்பார்கள், இவரும் ஆண்டவர் செய்ததைச் சொல்லியாக வேண்டும். காரணம் அங்கே எழுதப்படவில்லை. நான் விளங்கிக்கொண்டது இதுதான்: நன்றியைப் பூட்டி வைக்க முடியாதபடி ஆண்டவரே ஏற்பாடு செய்துவிட்டார். அப்பத்தா இந்த அதிகாரத்தைப் படித்தவரல்ல.

தை கடைசியில், புதன்கிழமையாகப் பார்த்துக் கிளம்பினோம். தேவகோட்டையைத் தாண்டினால் பெரிய வீடுகள் மறைந்து, அறுத்த தாளடி வயலும் கண்மாயும் சீமைக் கருவேலமுமாக வருகிறது. மழையை நம்பி நெல் போடுகிற பூமி. இந்தச் செட்டிநாட்டில் கடவுளுக்கென்று எடுத்து வைப்பது புதிதல்ல. நகரத்தார் தங்கள் வணிகத்தில் சாமிக்கு மகமை ஒதுக்கினார்கள். சருகணி மாதாகோயிலுக்கு மருது சகோதரர்கள் தேர் கொடுத்ததையும், திருவிழாச் செலவுக்கு நிலம் விட்டதையும் இந்தப் பக்கம் இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்கள்.

சருகணி திரு இருதயங்களின் ஆலயத்தில் பூசைக்கு உட்கார்ந்தோம். அப்பத்தாவின் மடியில் ஒரு பனையோலைக் கொட்டான். சாயம் போட்ட ஓலையில் சிவப்பும் பச்சையுமாகக் கட்டம் பின்னியது, விளிம்பு தேய்ந்து பளபளத்தது. அதில் எங்கள் வயலின் புது நெல். காணிக்கை நேரத்தில் எழுந்து போய்ப் பீடத்தின் முன் வைத்தார். இணைச்சட்டம் 26ஆம் அதிகாரத்திலும் இப்படித்தான் முதல் விளைச்சலைக் கூடையில் கொண்டுவரச் சொல்லியிருக்கிறது. வைத்துவிட்டுச் சும்மா போகக் கூடாது. நாடோடியாக இருந்த மூதாதையிலிருந்து எகிப்தின் அடிமைத்தனம் வரை எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் லேவியரோடும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும்.

சாமியார் அப்பத்தை ஏந்தி, “நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனுமான” என்று சொன்னபோது அந்தக் கொட்டானைப் பார்த்தேன். கேட்டுப் பழகிய வார்த்தைகள்தான், அன்று நெஞ்சில் இறங்கின. அடுத்து இரசத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டார். அந்தத் துளியைப் பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது. நாம் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். உலகமும் அதிலுள்ளவையும் தன்னுடையவை, தனக்குப் பசித்தாலும் உங்களிடம் கேட்கமாட்டேன் என்று 50ஆம் திருப்பாடலில் ஆண்டவரே சொல்கிறார். வெள்ளி இருதயமும் அவர் வெள்ளிதான். ஆனாலும் அந்தத் துளியை அவர் வேண்டாமென்று சொல்வதில்லை. தம் மகனுடைய பலியோடு சேர்த்து ஏற்றுக்கொள்கிறார், அதையே நமக்குக் கிண்ணத்தில் திருப்பித் தருகிறார். திருப்பாடல் ஆசிரியர் கிண்ணத்தை எடுத்தது எனக்கு அங்கேதான் புரிந்தது.

பூசை முடிந்து லெவே அடிகளாரின் கல்லறையில் செபித்தோம். பிரான்சில் பிறந்த இயேசு சபைக் குரு, இந்த வறண்ட சீமையில் உழைத்து 1973இல் இங்கேயே இறந்தார். திருச்சபை இன்று அவரை இறை ஊழியர் என்று அழைக்கிறது, புனிதர் பட்டத்துக்கான வழியில் அது முதல் படி. எங்களுக்கு லெவே சாமிதான். அங்கிருந்து திருவாடானை வழியாக ஓரியூர்.

ஓரியூரில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். புனித அருளானந்தர், அதாவது ஜான் தெ பிரிட்டோ, 1647இல் லிஸ்பனில் பிறந்தவர், அரண்மனைச் சூழலில் வளர்ந்தவர். சிறுவயதில் கடும் நோய் கண்டு படுத்தபோது அவருடைய தாய் புனித பிரான்சிஸ் சவேரியாரிடம் வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால் ஒரு வருடம் இயேசு சபை அங்கி அணிவிப்பேன் என்பது நேர்ச்சை. பிள்ளை பிழைத்தான், அங்கியும் அணிந்தான். அந்தத் தாயின் கணக்குக்கு ஒரு வருடம் போதும், ஆனால் மகனுக்குப் போதவில்லை. 1662இல் சபையிலேயே சேர்ந்தார், 1673இல் இந்தியாவுக்குப் புறப்பட்டார், மதுரை மறைப்பணியில் காவியுடுத்திப் பண்டாரசாமியாக நடந்தார். நோயிலிருந்து குணம் பெற்ற தடியத் தேவர் என்ற மறவர் தலைவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று, ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் சேதுபதி மன்னரின் உறவினர். அதில் எழுந்த கோபம் அடிகளாரை ஓரியூருக்குக் கொண்டுவந்தது. சிறையில் கரியைக் கரைத்து மையாக்கிக் கடிதம் எழுதினார். 1693 பிப்ரவரி 4, சாம்பல் புதனன்று தலை வெட்டப்பட்டது. 1947இல் திருச்சபை புனிதராக அறிவித்தது.

ஒரு வருட அங்கியாகத் தொடங்கிய நேர்ச்சை இது. உங்களையே உயிருள்ள பலியாகக் கொடுங்கள் என்று பவுல் உரோமையருக்கு எழுதியதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். அந்தச் செம்மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்தபோது, வேண்டினேன், கிடைத்தது, செலுத்திவிட்டேன் என்று கணக்கை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. பத்துத் தொழுநோயாளரில் ஒன்பது பேரும் சொன்னபடி குருவிடம் காட்டத்தான் போனார்கள். திரும்பி வந்து காலில் விழுந்த சமாரியரைப் பார்த்துத்தான் ஆண்டவர், மற்ற ஒன்பது பேர் எங்கே என்று கேட்டார்.

என் மனைவி முடி கொடுத்தாள். அப்புறம் மர நிழலில் சோறு. புது அரிசிச் சோறு, கோழிக் குழம்பு, ரசம். எல்லா மதத்தாரும் அருளானந்தரைத் தேடி வருகிற இடம் ஆகையால் யார் எவர் என்று கேட்கவில்லை, இலை போட்டு உட்கார வைத்தோம். பரிமாறிக்கொண்டே அப்பத்தா ஒவ்வொருவரிடமும் ஆபரேஷன் கதையைச் சொன்னார். நெஞ்சைப் பிளந்தது, ரத்தம் கொடுக்கப் பையன்கள் ஓடி வந்தது, நர்ஸம்மா விடிய விடிய முழித்திருந்தது, ஒன்றையும் விடவில்லை. ஒரு பெரியவர் கையைக் கழுவிவிட்டு என் மனைவியிடம் வந்து, “நல்லா இரு தாயி” என்று சொல்லிப் போனார். பானையில் மீந்ததைப் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்குக் கொடுத்தோம். வீட்டுக்கு எதுவும் எடுத்துப் போகவில்லை.

திரும்பும் வழியில் என் மனைவிதான் பேச்செடுத்தாள். எங்கள் தெருவில் தனியாக இருக்கிற ஒரு அக்காவுக்கு அதே ஆபரேஷன், நாளும் குறித்தாயிற்று. பயந்து கிடக்கிறார், கூட இருக்க ஆளில்லை. “நான் போய்ப் பக்கத்துல இருக்கேங்க. எப்ப வலிக்கும், எப்ப குறையும்னு எனக்குத் தெரியும்ல” என்றாள். டாக்டரிடம் கேட்டேன், பாரம் தூக்காமல் பார்த்துக்கொண்டால் போகலாம் என்றார். வெள்ளிக்கு எடுத்து வைத்த பணம் அந்த அக்காவின் மருந்துக்கு. ராத்திரித் துணைக்கு அவள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு.