ஊட்டியில் ஒரு கல்மரமும் கொஞ்சம் கறுப்புச் சேறும்

ஊட்டி தாவரவியல் பூங்காவில் எல்லோரும் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளும் கல்மரம் இந்த மலையில் முளைத்ததே இல்லை. அந்த வகை மரங்கள் கூட்டமாகக் கிடப்பது கீழே, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில். வயது ஏறத்தாழ 2 கோடி ஆண்டு. வெள்ளம் சாய்த்த மரத்தை மணல் மூடிவிட, மக்குவதற்குள் நீரில் கரைந்த சிலிக்கா உள்ளே ஊறி மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. நுண்ணோக்கியில் பார்த்தால் இன்றும் செல்கள் தெரியும் என்கிறார்கள்.

கூட வந்திருந்த அண்ணன் மகள் ஏழாம் வகுப்பு. "சித்தப்பா, அப்போ ஊட்டியில தோண்டினா டைனோசர் எலும்பு கிடைக்குமா?" என்றாள்.

கிடைக்காது. அதற்கான காரணத்தைக் காட்டத்தான் தொட்டபெட்டாவுக்குக் கூட்டிப்போனேன். 2,637 மீட்டர் உயரம், கடலை வண்டிகள், பனிமூட்டம், செல்ஃபி வரிசை. அதையெல்லாம் விட்டு ஓரமாகப் போய்ப் பாறையைத் தொட்டுப் பாருங்கள். சார்னோக்கைட் என்று பெயர், சென்னைக்காரர்களுக்குப் பரங்கிமலையில் இருக்கும் அதே வகை. இங்கே அது சுமார் 250 கோடி ஆண்டுப் பழசு. 25 கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து இறுகிய பிறகு, மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போக, மெதுவாக வெளியே வந்த பாறை. அந்தக் காலத்தில் உலகத்தில் இருந்தவை நுண்ணுயிர்கள்தான். எலும்பு என்ற ஒன்றே அப்போது கிடையாது. டைனோசர்கள் தலைகாட்டியதே சுமார் 23 கோடி ஆண்டுக்கு முன்னால்தான்.

பாறை மேல் சாம்பல் நிறத்தில் திட்டுத்திட்டாக ஒன்று ஒட்டியிருந்தது. கறை என்று நகத்தால் சுரண்டப் போனவளைத் தடுத்தேன். அது லைக்கன், உயிருள்ளது. செட்டிநாட்டுக் குழம்புக்குப் போடும் கல்பாசிக்குச் சொந்தம். ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். பாடப் புத்தகத்துப் பட்டியலை அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சுவாசம்? உண்டு. வளர்ச்சி? உண்டு, பல வகைகளுக்கு வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்கூட இருக்காது. இனப்பெருக்கம்? உண்டு. தூண்டலுக்குத் துலங்கல்? காய்ந்தால் சுருங்கிக் கிடக்கும், ஈரம் பட்டதும் வேலையைத் தொடங்கும். உயிர் போல இருந்த கல்மரம் கல், கல் போல இருந்த இது உயிர் என்பதில் அவளுக்கு ஏக சந்தோஷம்.

சரி, இந்த மலையில் பழைய உயிர்களின் தடயமே கிடையாதா? உண்டு. பாறையில் இல்லை, சேற்றில்.

கூடலூர் சாலையில் சாண்டிநல்லா பக்கம் புல்மேடுகளுக்கு நடுவே பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். "பச்சையா இருக்கேன்னு கால வெச்சிராதீங்க சார், முழங்கால் வரைக்கும் இழுத்துக்கும்" என்றார் ஜீப் ஓட்டிவந்த அண்ணன். உள்ளே காற்றுப் போகாததால் செத்த புல்லும் இலையும் முழுசாக மக்காமல், கறுப்பாக அடுக்கடுக்காகச் சேர்ந்திருக்கின்றன. புல்லில் பல வகைகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு, மரம் எடுக்கும் விதம் வேறு. செத்த பிறகும் அந்த வித்தியாசம் கார்பனின் கனமான, லேசான அணுக்களின் விகிதத்தில் தங்கிவிடுகிறது. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் ராமன் சுகுமாரும் சக ஆய்வாளர்களும் நீலகிரிச் சேற்றை இப்படிப் படித்து 1993-இல் வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், பருவமழை மெலிந்து இங்கே புல்லின் கை ஓங்கியிருந்தது. அப்புறம் மழை வலுத்தபோது அது பின்வாங்கியிருக்கிறது.

எனக்கு இதுதான் முக்கியம். சோலையை, அதாவது இந்த மலையின் குட்டைக் காட்டை, மனிதன் வெட்டியதால்தான் புல்வெளி வந்தது என்று இன்னமும் சொல்பவர்கள் உண்டு. 20,000 ஆண்டுக்கு முன் இங்கே யார் வெட்டினார்கள்? அந்தப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துத்தான் 1840-களில் தொடங்கிக் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகை மரத்தையும் (வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். இன்று சீகை தானாகவே பரவுகிறது, பிடுங்கப் பிடுங்க முளைக்கிறது. வரையாட்டுக்கு மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது.

அண்ணன் மகளுக்கு என் புல்வெளிக் கோபத்தில் அவ்வளவாக ஈடுபாடு இல்லை. டைனோசர் கதை நடுவில் நிற்கிறதே என்ற கவலைதான். அரியலூர் பக்கம் டைனோசர் காலத்தில் கடல் இருந்தது, அம்மோனைட் என்ற அழிந்துபோன கடல் உயிரின் ஓடுகள் சுண்ணாம்புக்கல்லில் கிடைக்கின்றன, கொஞ்ச தூரத்தில் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமே கிடக்கிறது என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த விடுமுறைக்கு அங்கேதான் என்று முடிவாகிவிட்டது. மே மாதம் மட்டும் வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.