சேர் பொன். இராமநாதன்: சபையின் இரு பக்கமும் அறிந்தவர்

நம் இராமநாதன் மகளிர் கல்லூரியின் நிறுவுநர் நாள் பேச்சுகளில் நாம் கேட்டதெல்லாம் இராமநாதனின் சைவப்பற்றும் கொடையுந்தான். 1906 வரை சொலிசிற்றர் ஜெனரலாக, அதாவது சட்டமா அதிபருக்கு அடுத்த அரச சட்ட அதிகாரியாக, இருந்தார், இடையிடையே பதில் சட்டமா அதிபராகவும் கடமை பார்த்தார் என்பது ஒரு வரியோடு போய்விடும். அவருடைய அரசியலின் வேர் அந்த வரியில் இருக்கிறது.

1879இல் தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி மறைந்தபின், தமிழர் பிரதிநிதியாகத் தேசாதிபதி அவரைச் சட்டநிரூபண சபைக்கு நியமித்தார். உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் அன்று 6 பேர், உத்தியோகத்தர் 9 பேர். எவ்வளவு திறமாகப் பேசினாலும் வாக்கெடுப்பில் அரசுதான் வெல்லும். சட்டமா அதிபரும் அந்த 9 பேரில் ஒருவர். ஆகவே பின்னாளில் பதில் சட்டமா அதிபரானபோது இராமநாதன் மறுபக்கத்தையும் அறிந்தார்.

சட்டமா அதிபர் திணைக்களத்தின் பெரிய வேலை கோவை, அதாவது வழக்குக் கட்டு, வாசிப்பது. பாரதூரமான வழக்கில் நீதவான் முதலில் சாட்சியம் பதிவார். கோவை பிறகு சட்டமா அதிபரிடம் போகும். அவர் குற்றப்பத்திரம் தாக்கல் செய்யலாம், மேலதிக சாட்சியம் கேட்டு நீதவானிடமே திருப்பலாம், வழக்கைக் கைவிடவும் செய்யலாம். அரைகுறைச் சாட்சியோடு அவசரப்பட்டால் தீர்ப்புச் சொல்லும் பொதுமக்கள் குழுவான யூரிமார் குற்றஞ்சாட்டப்பட்டவரை விடுதலை செய்துவிடுவார்கள். அதே குற்றத்துக்கு அவரை மறுபடி கூண்டில் ஏற்ற வழியில்லை. இந்த நிதானத்தில் ஊறிய மனிதர் இராமநாதன்.

1911இல், படித்தவர்கள் மட்டும் வாக்களித்த 'படித்த இலங்கையர்' தொகுதியில் மார்க்கஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்துச் சபைக்குத் திரும்பினார். 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்தில் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் நாசமாயின. ஜூன் 2இல் வந்த இராணுவச் சட்டம், கலவரம் அடங்கிய பின்னும் ஓகஸ்ட் 30 வரை நீடித்தது. யூரி இல்லாத இராணுவ நீதிமன்றம் தீர்ப்பளித்து, சிங்கள இளைஞர் ஹென்றி பேதிரிஸ் ஜூலை 7இல் சுட்டுக் கொல்லப்பட்டார். நீதவான், கோவை, குற்றப்பத்திரம் என்ற படிகள் ஒன்றுமே இல்லை. இராமநாதன் இதைச் சபையில் எதிர்த்தார், யுத்த காலத்தில் கப்பலேறி இலண்டன் சென்று முறையிட்டார், 1916இல் நூலாகவும் வெளியிட்டார். முறை தெரிந்தவரின் கோபம் அது. ஆனால் சிங்களவருக்காக அவர் வாதாடியதால் பாதிக்கப்பட்ட முஸ்லிம்கள் அவர்மீது கொண்ட மனத்தாங்கலும் நியாயமானதே; அவர்கள் இனத்தால் தமிழரே என்று 1885இல் அவர் பேசியதையும் அவர்கள் மறக்கவில்லை.

1913இல் மருதனார்மடத்தில் நமக்குக் கல்லூரி கட்டியவர், இலங்கையின் அரசியல் சீர்திருத்தத்தை ஆராய்ந்த டொனமூர் ஆணைக்குழுவின் காலத்தில் பெண்களின் வாக்குரிமையை எதிர்த்தார். அங்கே அவர் பிழைவிட்டார் என்றே சொல்வேன். 1930இல் அவர் மறைந்தார். அடுத்த ஆண்டே 21 வயதுப் பெண்களுக்கும் வாக்கு வந்தது. நம் கல்லூரியின் முதல் மாணவியர் அப்போது அந்த வயதைக் கடந்திருந்தனர்.