ஊசி போட்டால் ரத்தம் சுண்டுமா?

"ஊசி போட்டா கோழிக்கு ரத்தம் சுண்டிப் போயிரும் கண்ணு." அம்மிச்சி இதை எத்தனை தடவை சொல்லியிருக்கும் என்று கணக்கே இல்லை. ஊருக்குத் தடுப்பூசி முகாம் வரும் நாளில் கோழிகளைக் கூடை போட்டு மூடி வைத்துவிடும். போன பங்குனியில் வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட் நோய் வந்தது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்து திருகி, 11 கோழிகளில் 9 ஒரே வாரத்தில் போய்விட்டன. அம்மிச்சி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்து வாங்கிய ஆறு குஞ்சுகளுக்கு ஏழாம் நாளே அந்த நோய்க்கான லசோட்டா தடுப்புச் சொட்டு விட்டேன். எட்டு வாரம் முடிந்ததும் அதே நோய்க்கு ஆர்.2.பி. ஊசி. இது வீரியமான தடுப்பூசி, அதற்கு முன்னால் போடக் கூடாது. ரத்தம் சுண்டுமா என்று அம்மிச்சிக்கே காட்டிவிட நினைத்து, ஊசிக்கு முந்தின நாள் இறக்கை நரம்பில் கொஞ்சம் ரத்தம் எடுத்தேன்.

மெல்லிய கண்ணாடிக் குழாயில் ரத்தத்தைச் சுழற்றினால் சிவப்பணுக்கள் அடியில் படியும். ஐந்து கோழிகளுக்கு அந்தப் படிவு மொத்த ரத்தத்தில் 28 முதல் 31 சதவீதம் வரை இருந்தது. ஒன்றுக்கு மட்டும் 19. ஊசியே போடவில்லை, அதற்குள் ரத்தம் சுண்டியிருந்தது! கொண்டை வெளிறிய கோழி அது. எச்சத்தைப் பார்த்தால் புழு முட்டை. அதை ஒதுக்கி, குடற்புழு மருந்து கொடுத்து, மற்ற ஐந்துக்கும் இறக்கைக்கு அடியில் அரை மில்லி போட்டேன்.

மூன்றாம் நாள் ஐந்தும் கொஞ்சம் மந்தமாக இருந்தன. ரத்தத்தைத் தடவிச் சாயமேற்றி எண்ணினேன். கோழியின் சிவப்பணுவுக்குள்ளும் கரு இருப்பதால் மனித ரத்தத்துக்கான எந்திரம் குழம்பிவிடும், கண்ணால்தான் எண்ண வேண்டும். வெள்ளை அணுக்களில் ஹெட்டரோபில் என்ற வகை கூடி, லிம்போசைட் என்ற வகை இறங்கியிருந்தது. பிடித்து ஊசி குத்திய மிரட்சியிலும், உயிருள்ள தடுப்பூசி வைரஸை உடம்பு எதிர்கொள்வதிலும் வரும் மாற்றம் இது. சிவப்பணு அளவு அசையவே இல்லை. இரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்களும் பழைய கணக்குக்குத் திரும்பிவிட்டன.

21ஆம் நாள் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ராணிக்கெட் வைரஸுக்குச் சிவப்பணுக்களை ஒன்றோடொன்று பிணைக்கும் குணம் உண்டு. குழித்தட்டில் இரண்டையும் கலந்தால் அணுக்கள் வலை போல அடியில் பரவி நிற்கும். கோழியின் சீரத்தில் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீரில்) எதிர்ப்புப் பொருள் இருந்தால் அது வைரஸைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பணுக்கள் சுதந்திரமாக இறங்கிக் குழியின் நடுவில் ஒன்றாகச் சேரும். சீரத்தை 2, 4, 8 என்று நீர்த்துக்கொண்டே போனேன். 64 மடங்கு நீர்த்த குழியிலும் ஐந்து கோழிகளுக்கும் அப்படியே சேர்ந்து நின்றன. அவ்வளவு நீர்த்தும் வைரஸைப் பிடிக்க எதிர்ப்புப் பொருள் மிச்சமிருந்தது.

செல்போனில் படம் காட்டினேன். அம்மிச்சி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தது.

"குங்குமப் பொட்டாட்டம் இருக்குது" என்றது. அப்புறம், "அந்தச் சோகைக் கோழிக்கு எப்பக் கண்ணு ஊசி?"