என்காவுக்குப் பழகிய தொண்டை

2010 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த மச்சான், ஒரு ஹார்ட் டிஸ்க் நிறைய நருட்டோ என்ற யப்பானிய அனிமே (அசைபட) தொடரைக் கொண்டுவந்து எங்கள் வீட்டுக் கணினியில் ஏற்றிவிட்டுப் போனான். அதில் ஹினாட்டா என்றொரு பெண் வருவாள். கூச்சம் மிகுந்தவள், ஒவ்வொரு வாக்கியத்தையும் 'அனோ' என்று தொடங்கி, பாதியை விழுங்கி, மிச்சத்தை மூச்சாக விட்டு முடிப்பாள். அந்தக் குரலுக்குரியவர் யாரென்று தேடியபோதுதான் நானா மிசுகி என்ற பெயரும், அதே தொண்டையிலிருந்து வந்த ஒரு பாட்டும் அகப்பட்டன. ஹினாட்டாவின் குரலைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்தப் பாட்டு நம்பக்கூடியதாக இருக்கவில்லை. தாரஸ்தாயியில் ஏறி நின்ற குரல் சற்றும் மெலியாமல் அங்கேயே நின்றது.

குசினியில் திருவலையில் தேங்காய் திருவிக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டு, "உது முறையாப் பழகின தொண்டை, பிள்ளை. ஆரெண்டு பார்" என்றார். பெயரைச் சொன்னேன். "பொம்பிளைப் பிள்ளைக்கு நானா எண்டு பேரோ?" என்று, நமது முஸ்லிம்கள் அண்ணனை அழைக்கும் சொல்லை நினைத்துச் சிரித்தார்.

அம்மா சங்கீத ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வட இலங்கைச் சங்கீத சபைப் பரீட்சைகளுக்கு இணுவில் பிள்ளைகளைப் பல காலம் ஆயத்தப்படுத்தியவர். அவருடைய காது சொன்னது சரியாகவே இருந்தது. மிசுகி 1980 ஜனவரி 21 ஆம் திகதி ஷிகோக்குத் தீவின் எஹிமே மாகாணத்திலுள்ள நீஹாமா நகரில் பிறந்தவர். தந்தை செயற்கைப் பல் செய்யும் தொழிலாளர். என்கா என்னும் பாட்டு வகையில் தீராத பற்றுள்ளவர். மகளை எப்படியும் என்கா பாடகியாக்கிவிட வேண்டும் என்ற எண்ணத்துடன் சின்ன வயதிலிருந்தே அவரைப் பாடவைத்துப் பழக்கியவர்.

என்காவை யப்பானியர்களின் பழைய சினிமாப் பாட்டு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. துறைமுகம், பனி, மது, பிரிவு, விட்டு வந்த ஊர் ஆகியவற்றைப் பற்றிப் போருக்குப் பிந்திய தலைமுறை பாடி அழுத பாட்டு அது. அதன் மெட்டுகளிற் பெரும்பாலானவை ஐந்து சுரங்களில் அமைந்தவை. மகிழ்ச்சியான மெட்டுக்குரிய ஐந்து சுரங்களை அம்மாவிடம் சொன்னபோது, "மோகனம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார். சோக மெட்டுக்குரியவற்றைச் சுருதிப் பெட்டியை வைத்துப் பாடிப் பார்த்தார். சிவரஞ்சனியின் தைவதத்தை ஒரு படி இறக்கிச் சுத்த தைவதமாக்கினால் வருவது அது. இவற்றுக்கு மேலே கொபுஷி என்றொரு நுணுக்கம் உண்டு: ஒரு சுரத்தை நீட்டும்போது குரலைச் சட்டென்று ஒரு சுழி சுழித்து, மீண்டும் அதே சுரத்தில் கொண்டுவந்து வைப்பது. நமது கமகத்துக்கு அது தூரத்து உறவு என்று சொல்லலாமே தவிர, கமகம் என்று சொல்ல அம்மா சம்மதிக்கவில்லை. நான்காம் தரத்துடன் பாட்டை விட்டுவிட்ட எனக்கு இதில் கருத்துச் சொல்லும் உரிமை கிடையாது.

டோக்கியோவில் கலைத்துறைப் பிள்ளைகள் பலர் படித்த ஹொரிகோஷி உயர்பாடசாலையில் மிசுகியும் சேர்ந்தார். ஆனால் அவர் வளர்ந்துவந்த காலத்தில் இளையவர்களின் காது என்காவை விட்டு விலகியிருந்தது. தந்தை எதிர்பார்த்த என்கா அரங்கேற்றம் நடக்கவேயில்லை. குரல் நடிப்பையும் படித்திருந்ததால், 1998 இல் ஒரு பிளேஸ்டேஷன் விளையாட்டின் பாத்திரத்துக்குக் குரல் கொடுத்து அந்தத் தொழிலுக்குள் நுழைந்தார். முதலாவது தனிப்பாடல் 2000 டிசம்பரில் கிங் ரெக்கார்ட்ஸ் ஊடாக வெளிவந்தது.

நமது சினிமாவில் பின்னணிக் குரல் கொடுப்பவர் பெரும்பாலும் தனியே நின்று தமது வசனத்தை மட்டும் பேசிவிட்டுப் போகிறார். யப்பானில் ஓர் அனிமேயின் ஒலிப்பதிவுக்கு வழமையாகக் குழு முழுவதும் ஒரே அறையில் கூடியிருக்கும். நாலைந்து ஒலிவாங்கிகள்தான் நிற்கும்; ஆட்களோ அதைவிடக் கூட. தமது வசனம் வரும்போது எழுந்து போய், வெறுமையாக நிற்கும் ஒலிவாங்கியைப் பிடித்து, பேசி முடித்ததும் அடுத்தவருக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். கையில் இருக்கும் பிரதியின் தாளைச் சத்தமில்லாமல் புரட்ட வேண்டும். திரையில் ஓடும் படம் பல வேளைகளில் வர்ணம் தீட்டப்படாத வெறும் கோடுகளாகவே இருக்கும். ஹினாட்டாவின் விழுங்கிய பாதி வாக்கியங்கள் இத்தகைய நெருக்கடிக்குள் பிறந்தவை என்பதை அறிந்த பிறகு, அந்தத் தயக்கத்துக்கு எவ்வளவு மூச்சுக் கட்டுப்பாடு தேவைப்பட்டிருக்கும் என்று யோசித்திருக்கிறேன். உரத்துப் பாடுவதைவிட, கேட்கும்படியாக முணுமுணுப்பது கடினம் என்று அம்மா தமது மாணவிகளுக்கு அடிக்கடி சொல்வார்.

முகம் ஒருவருக்கும் பாட்டு இன்னொருவருக்கும் என்பது தமிழ்ச் சினிமாவில் நாம் பழகிவிட்ட பங்கீடு. பேச்சு மூன்றாமவருக்குப் போவதும் உண்டு. சின்மயியைப் போல் பாட்டும் பின்னணிக் குரலும் இரண்டும் கைவந்தவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், ஒரு பாத்திரத்தின் பேச்சையும் பாட்டையும் ஒருவரே தருவது நமக்கு வழமையல்ல. அங்கே அது தொழிலின் ஒரு பகுதி. பாத்திரத்தின் குரலிலேயே பாடி இறுவட்டு வெளியிடுவார்கள். 2012 முதல் 2019 வரை ஐந்து பருவங்களாக வந்த சிம்ஃபோகியர் தொடரில் பெண்கள் பாடிக்கொண்டே போரிடுவார்கள். அதில் வாளேந்திய ட்சுபாசாவாகப் பேசுவதும் பாடுவதும் மிசுகிதான். ஹினாட்டாவுக்கு மறைத்து வைத்த குரல் முழுவதையும் ட்சுபாசாவுக்கு அள்ளிக் கொடுத்தார் என்பது என் அபிப்பிராயம்.

பாடகியாக அவர் ஏறிய படிகளில் 2005 இல் வந்த எட்டர்னல் பிளேஸ் என்ற பாட்டு முக்கியமானது. வரிகள் அவருடையவை, இசை நொரியாசு அகெமாட்சுவுடையது. யப்பானின் இசை விற்பனையைக் கணக்கிடும் ஒரிக்கோன் வாரப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. 2009 ஜூனில் வந்த அல்டிமேட் டயமண்ட் அதே பட்டியலில் முதலிடம் பெற்றபோது, குரல் நடிகர் ஒருவரின் இசைத்தொகுப்பு அந்த இடத்தை எட்டியது அதுவே முதற்றடவை. 2011 டிசம்பரில் டோக்கியோ டோமில் இரண்டு நாட்கள் பாடினார். 2016 இல் கோஷியென் மைதானம். பாடசாலைப் பேஸ்போல் போட்டிகளால் யப்பானியர் மனதில் அந்த மைதானத்துக்கு இருக்கும் இடத்தை, வடக்கின் பெரும் சமர் என்னும் பாடசாலைக் கிரிக்கெட் போட்டியைப் பார்த்து வளர்ந்த யாழ்ப்பாணத்தவருக்கு விளக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகத் தெரிவது 2009 டிசம்பர் 31 ஆம் திகதி இரவு. ஆண்டிறுதியில் யப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கே நடத்தும் கோஹாக்கு நிகழ்ச்சியில் பெண்கள் சிவப்பு அணியாகவும் ஆண்கள் வெள்ளை அணியாகவும் பாடுவார்கள். என்கா பாடகர்களுக்கு அந்த மேடைதான் சிகரம். அங்கே குரல் நடிகை ஒருவர் அழைக்கப்பட்டது அப்போதுதான். தந்தை என்காவைக் கொண்டு மகளை ஏற்ற நினைத்த மேடைக்கு, மகள் ஓர் அனிமேயின் பாட்டுடன் வந்து சேர்ந்தார். ஷின்-ஆய் என்ற அந்தப் பாட்டின் வரிகளையும் அவரே எழுதியிருந்தார். அதையும் சேர்த்து 2014 வரை ஆண்டு தவறாமல் ஆறு முறை அங்கே பாடினார்.

அந்த இரவின் காணொளியைப் பிறகொரு நாள் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். வயலின்களும் கிட்டாரும் நிறைந்த பாட்டு. என்காவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அம்மா கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். ஓரிடத்தில், நீண்டு போன ஒரு சுரத்தின் நுனி மிகச் சிறிதாகச் சுழித்து அடங்கியது.

"அந்த இடத்தை இன்னொருக்காப் போடு" என்றார்.