நாலு மணியிலிருந்து நாலு மணி வரை

ஆகஸ்ட் 11

அறைச் சாவி கிடைத்தது. கதவில் இன்னும் முன்னால் இருந்தவர் பெயர்.

ஆகஸ்ட் 12

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கான அறிமுக நாள். ஊட்டச்சத்து, ஜவுளி, குழந்தை வளர்ச்சி, குடும்ப நிதி எல்லாரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தார்கள். என் பக்கத்தில் இருந்தவர் துணிச் சாயம் உரசலில் எவ்வளவு கழல்கிறது என்று அளக்கிறவர். அவருக்கு ஆய்வுக்கூடம், எனக்கு ஒரு கணினி. டென்யூரை, அதாவது பணி நிரந்தரத்தைப் பற்றி ஆள் மாற்றி ஆள் பேசினார்கள். ஆறாம் வருஷம் தலையெழுத்து தெரியும் என்பது மட்டும் மண்டையில் நின்றது. டீன் மனையியல் ஒரு துறையாக உருவெடுத்த 1899 லேக் பிளாசிட் மாநாட்டில் ஆரம்பித்தார். அதற்குத் தலைமை தாங்கிய எல்லன் ரிச்சர்ட்ஸ் எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் பெண், மாசசூசெட்ஸ் மாநிலத் தண்ணீரைச் சோதித்த வேதியியல்காரி. அதைச் சொல்லாமல் தாண்டிப் போய்விட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, ஆனாலும் முதல் நாளே வாயைத் திறக்கவில்லை.

ஆகஸ்ட் 13

010102. தூக்கம் வராமல் கிடப்பதற்கும் நான் பாடம் எடுக்கப்போகும் அமெரிக்க நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில் தனிக் குறியீடு உண்டு.

ஆகஸ்ட் 17

முதல் வாரப் பாடத்துக்குப் பொருளாதார அறிஞர் மார்கரெட் ரீட். 1934இல் அவர் வைத்த சோதனை எளிது: கூலி கொடுத்து இன்னொருவரைச் செய்ய வைக்க முடிந்தால் அது உற்பத்தி. சமைப்பது உற்பத்தி, சாப்பிடுவது இல்லை. துவைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது எல்லாம் உற்பத்திதான், நாட்டு வருமானக் கணக்கில் ஏறாவிட்டாலும். சாயங்காலம் முழுக்க இதையே எல்லாவற்றின் மேலும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கவலைப்படுவதற்கு ஆள் வைக்க முடியாது.

ஆகஸ்ட் 20

வீட்டுக்காரருக்கு விசா நேர்காணல் தேதி வரவில்லை.

ஆகஸ்ட் 25

முதல் வகுப்பு. நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பை விளக்கினேன்: 2003இலிருந்து நடக்கிறது, முந்தின நாள் காலை நாலு மணி தொடங்கி இருபத்து நாலு மணி நேரத்தையும் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்வார்கள். கடைசி வரிசைப் பையன் கேட்டான்: "போன்லயே தம்பிக்கு வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அது எதுல சேரும்?"

அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றேன். எனக்கே தெரிய வேண்டிய விஷயம்.

ஆகஸ்ட் 26

காலையில் ஊரில் இருக்கும் வீட்டாரோடு வீடியோ அழைப்பு. பாப்பாவுக்கு அத்தை தலை பின்னிக்கொண்டிருந்தார்கள். "வகிடு கோணலா இருக்கு அத்தை, இடது பக்கம் கொஞ்சம்" என்று நான் இங்கிருந்து சொல்ல, "நீ பேசாம இரும்மா" என்றாள் பாப்பா. பின்னலை ரீட் உற்பத்தி என்று எழுதிவிடுவார், அது அத்தையின் கணக்கு. என் பங்கு 160101, குடும்பத்தாரோடு தொலைபேசிப் பேச்சு. வேறு வேலை பார்த்துக்கொண்டே பதின்மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைக் கவனித்துக்கொண்டால் அதையும் தனியாகக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். ஆனால் பிள்ளை நம் பொறுப்பில் இருக்க வேண்டும். இப்போது யார் பொறுப்பில் இருக்கிறாள்?

செப்டம்பர் 2

ஆய்வு ஒப்புதல் விண்ணப்பம் மறுபடி திரும்பி வந்துவிட்டது. இந்த முறை ஒரே ஒரு வாக்கியத்துக்காக. எரிச்சல்.

செப்டம்பர் 4

ஜவுளிக்காரருக்கு ஆய்வுக்கூட ஈரப்பதம் 65 சதவீதத்தில் நிற்க மாட்டேன் என்கிறதாம். அவர் புலம்பலைக் கேட்டது அல்பமாக நிம்மதி தந்தது.

செப்டம்பர் 9

வீட்டுக்காரருக்கு விசா நேர்காணல் தேதி வந்துவிட்டது, 24. பாப்பா பள்ளி மாற்றுச் சான்றிதழுக்கு இன்னும் மனுவே கொடுக்கவில்லையாம். தடுப்பூசி அட்டை எங்கே என்று அத்தையைக் கேட்டால் பீரோவில் என்கிறார்கள், எந்த பீரோ