டாக்சிஜென் தந்த பக்கங்களும் எச்சரிக்கைகளும்

பினாங்கு பாயான் லெப்பாஸ் தொழில்வலயத்தில் உள்ள ஒரு நிறுவனத்தில் ஃபெர்ம்வேர் எழுதுகிறேன். சில்லுகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சோதனை மேடையில் வைத்து, முடிவைப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரித்துப் போடும் இயந்திரங்களுக்கான நிரல். பெரும்பகுதி சி, மேலே கொஞ்சம் சி++. தொழில்வலயம் தொடங்கிய 1972 காலத்து நிரல் இல்லைதான். ஆனாலும் அதில் கைவைத்தவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டார்கள், அல்லது வேறு நிறுவனங்களுக்குப் போய்விட்டார்கள்.

ஒரு வாடிக்கையாளர் அந்த நிரலுக்கு இடைமுக ஆவணம் கேட்டார். எந்த ஃபங்ஷனை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டை, எப்படி அழைக்க வேண்டும், என்ன கொடுக்க வேண்டும், என்ன திரும்பி வரும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது பகிர்வுக் கோப்புறையில் கிடந்த ஒரு வேர்டு கோப்பு மட்டுமே. அதில் உள்ள சில ஃபங்ஷன்கள் நிரலில் இல்லை. நிரலில் உள்ள பல, அதில் இல்லை. தைப்பூசம் முடிந்த மறுவாரம் தணிக்கை. "கமெண்டுகளிலிருந்தே எடுத்துவிடலாமே, அதற்குத்தான் டாக்சிஜென் இருக்கிறதே" என்றார் குழுத் தலைவர். அவர் சொன்ன விதத்தைப் பார்த்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்தால் மாலைக்குள் முடிந்துவிடும் போலிருந்தது.

டாக்சிஜென் 1997இலிருந்து இருக்கும் கருவி. டிமித்ரி வான் ஹேஷ் எழுதியது, இலவசமானது. நிரலைப் படித்து, ஃபங்ஷன்களுக்கு மேலே குறிப்பிட்ட வடிவத்தில் எழுதியிருக்கும் கமெண்டுகளை, அதாவது நிரலைப் படிப்பவருக்கான குறிப்புகளை, பிரித்தெடுத்து, இணையப் பக்கங்களாக ஆக்கித் தரும். நிறுவுவதில் ஒரு சிரமமும் இல்லை. '-ஜி' கொடுத்து ஓட்டினால் டாக்சிஃபைல் என்ற அமைப்புக் கோப்பு வந்துவிடும். விளக்கங்களோடு சேர்த்து அது மிக நீளமானது. '-எஸ்' என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் விளக்கம் இல்லாத சின்னக் கோப்பாக வரும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் நீளமானதையே ஒருமுறை முழுதாகப் படிப்பது நல்லது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

என்னோடு இந்த வேலைக்குப் போடப்பட்டவர் பல்கலைக்கழகத்திலிருந்து பயிற்சிக்கு வந்திருந்த ஒரு தம்பி. முதல் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணே, பக்கம் எல்லாம் வெறுமையா வருது. கமெண்ட்தான் இவ்ளோ இருக்கே!" என்றார். உண்மைதான், எங்கள் நிரலில் கமெண்டுக்குப் பஞ்சமே இல்லை. ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் மேலே நட்சத்திரக் குறிகளால் பெரிய பெட்டி கட்டி, பெயர், உள்ளீடு, வெளியீடு என்று வரிசையாக எழுதியிருப்பார்கள். வந்த சிக்கலே அந்தப் பெட்டிதான். நட்சத்திரங்களோடு தொடங்கும் கமெண்டில், சாய்கோட்டுக்குப் பின் சரியாக இரண்டு நட்சத்திரம் வந்தால்தான் டாக்சிஜென் அதைத் தனக்கான கமெண்டாக எடுத்துக்கொள்ளும். வரி முழுக்க நட்சத்திரம் போட்டிருந்தால் சாதாரண கமெண்ட் என்று தாண்டிப் போய்விடும். ஜாவாடாக்_பேனர் என்ற அமைப்பை மாற்றினால் எடுத்துக்கொள்ளும், ஆனால் இயல்பு நிலையில் அது அணைந்தே இருக்கும்.

சி நிரல் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இடமும் உண்டு. எந்த வகுப்புக்குள்ளும் இல்லாத வெளி ஃபங்ஷன்களுக்கு நீங்கள் எவ்வளவு அழகாகக் கமெண்ட் எழுதியிருந்தாலும், அவை இருக்கும் கோப்புக்கே ஒரு '@ஃபைல்' கமெண்ட் இல்லாவிட்டால் அவை பக்கத்தில் வராது. தம் கோப்புக்குள் மட்டும் தெரியும் ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களுக்குத் தனி அமைப்பு இருக்கிறது, அதுவும் முதலில் அணைந்திருக்கும்.

இதற்கெல்லாம் குறுக்குவழியாக எக்ஸ்ட்ராக்ட்_ஆல் என்று ஒன்று இருக்கிறது. அதை 'யெஸ்' ஆக்கினால் கமெண்ட் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்டாட்டிக், பிரைவேட் தவிர மற்ற எல்லாமே பக்கத்தில் வந்துவிடும். தம்பி அதைப் போட்டு ஓட்டினார். பக்கங்கள் குவிந்தன. குழுத் தலைவருக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எனக்குப் பிடிக்கவில்லை. கல்யாணப் பத்திரிகையில் வரும் 'சுற்றமும் நட்பும்' போலப் பெயர் வரிசை இருந்தது, யார் யாருக்கு என்ன வேண்டும் என்பது தெரியவில்லை. அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. எக்ஸ்ட்ராக்ட்_ஆல் இயங்கும்போது 'இந்த ஃபங்ஷனுக்கு விளக்கம் எழுதவில்லை' என்ற எச்சரிக்கைகளை டாக்சிஜென் நிறுத்திவிடும். எல்லாவற்றுக்கும் விளக்கம் இருப்பதாகவே வைத்துக்கொள்ளும். பக்கத்தை நிரப்பக் கொடுக்கும் விலை அது. என் கணக்கில் இந்தக் கருவியிலிருந்து கிடைப்பதில் பக்கங்கள் இரண்டாம்பட்சம், எச்சரிக்கைப் பட்டியல்தான் முதலாவது. அதனால் அந்த அமைப்பை மீண்டும் 'நோ' ஆக்கினோம்.

சரி, நட்சத்திரப் பெட்டிகளை என்ன செய்வது? எல்லாக் கோப்புகளிலும் தேடி மாற்றிவிட்டால் போயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். கமெண்ட்தானே, நிரலைப் பாதிக்காதே. ஆனால் எங்கள் வெளியீடு ஏற்கெனவே சோதித்துக் கையெழுத்தான ஒன்று. பைனரி, அதாவது இயந்திரத்தில் ஓடும் இறுதிக் கோப்பு, ஒரு பைட் மாறினாலும் திரும்பச் சோதிக்க வேண்டும். பிழையைப் பிடிக்கும் எங்கள் அசெர்ட் மேக்ரோக்கள் '__லைன்__' என்ற வரி எண்ணை நிரலுக்குள்ளேயே பதித்து வைப்பவை. கமெண்டில் ஒரு வரி கூடினாலோ குறைந்தாலோ அதற்குக் கீழே உள்ள எல்லா வரி எண்ணும் நகரும், பைனரியும் மாறும்.

இங்கேதான் இன்புட்_ஃபில்டர் கைகொடுத்தது. ஒவ்வொரு கோப்பையும் படிப்பதற்கு முன் நாம் சொல்லும் ஒரு நிரல் வழியாக அதை அனுப்பி, அது வெளியே தருவதை டாக்சிஜென் படிக்கும். மூலக் கோப்பில் யாரும் கைவைப்பதில்லை. தம்பி பைத்தானில் சின்னதாக ஒன்று எழுதினார். பெட்டியின் மேல்வரியை இரண்டு நட்சத்திரமாகச் சுருக்குவது, 'உள்ளீடு' என்று தொடங்கும் வரிகளை '@பாராம்' ஆக்குவது, 'வெளியீடு' வரியை '@ரிட்டர்ன்' ஆக்குவது, அவ்வளவுதான். ஒரே நிபந்தனை, வடிகட்டி வரிகளைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. அது டாக்சிஜென் கையேட்டிலேயே சொல்லியிருப்பது. கோப்பின் தலையில் இருந்த காப்புரிமைப் பெட்டி வேறொரு தொல்லை கொடுத்தது. அதையும் விளக்கமாக எடுத்துக்கொண்டு, கீழே முதலில் வரும் ஸ்ட்ரக்டின் (தரவுத் தொகுப்பின்) தலையில் ஒட்டிவிட்டது. அந்தப் பெட்டியின் முதல் வரியிலேயே '@ஃபைல்' சேர்க்கும்படி வடிகட்டியை மாற்றினோம். காப்புரிமை கோப்புக்கு உரியதாகிவிட்டது, வெளி ஃபங்ஷன்களும் பக்கத்தில் வரத் தொடங்கின.

அப்புறம் மொழிகள். எங்கள் நிரலில் ஆங்கிலம், மலாய், சீனம் மூன்றிலும் கமெண்டுகள் உண்டு. வேறு சொல்லாவிட்டால், எல்லாக் கோப்பும் எழுத்துகளைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-8இல் இருப்பதாக டாக்சிஜென் நினைத்துக்கொள்ளும். பழைய சீனக் கமெண்டுகள் ஜிபிகே குறியேற்றத்தில் இருந்ததால் குப்பையாக வந்தன. அந்தக் கோப்புகளைக் குறியேற்றம் மாற்றித் தருவதையும் வடிகட்டியிடமே விட்டோம்.

மோட்டார் பகுதியில் ரோமன் எழுத்தில் தமிழே இருந்தது: 'இங்க கை வெக்காதே, கவுண்டர் கொழம்பிரும்'. யார் எழுதியது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சிரித்துவிட்டுப் பார்த்தால், எழுதியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. வன்பொருள் குறுக்கிடும் இன்டரப்ட் வரும்போதும் அதே கவுண்டர் மாறுகிறது, பூட்டு எதுவும் போடாமல் வெளியிலிருந்து தொட்டால் இயந்திரம் தன் இடத்தை மறந்துவிடும். வேர்டு கோப்பில் எங்கேயும் இல்லாத தகவல் இது.

அந்தக் கமெண்ட் இன்னொன்றையும் யோசிக்க வைத்தது. இது வாடிக்கையாளரிடம் போனால்? டாக்சிஜென் சாதாரண கமெண்டை விளக்கமாக எடுக்காது என்பது பாதி உண்மைதான். வெர்பேடிம்_ஹெடர்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே 'யெஸ்' ஆக இருக்கும். ஃபங்ஷன்களின் அறிவிப்புகள் இருக்கும் ஹெடர் கோப்புகளின் முழு நகலையும் அது பக்கங்களில் சேர்த்துவிடும். சோர்ஸ்_பிரவுசரை இயக்கினால் மூல நிரலே உள்ளே போகும், சாதாரண கமெண்டுகளும் அதில் அப்படியே தெரியும். சக ஊழியரைத் திட்டியது, வாடிக்கையாளரின் இயந்திரத்தைக் கிண்டலடித்தது, எல்லாமும்தான். நீளமான டாக்சிஃபைலை முழுதாகப் படிக்கச் சொன்னதற்குக் காரணம் இது. பொது அமைப்புகளை ஒரு கோப்பில் வைத்து, அதை '@இன்க்ளூட்' மூலம் சேர்த்துக்கொள்ளும் இரண்டு டாக்சிஃபைல்கள் செய்தோம். எங்களுக்கானதில் எல்லாம் தெரியும். வெளியே போவதில் மூலம் எதுவும் வராது, '@இன்டர்னல்' என்று குறித்த பகுதிகளும் வராது.

வரைபடங்களைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. கிராஃப்விஸ் நிறுவி கால்_கிராஃப் போட்டால் எந்த ஃபங்ஷன் எதை அழைக்கிறது என்று படம் வரும். பெரிய படங்களில் சிவப்பு விளிம்போடு வரும் பெட்டிகள் பாதியில் வெட்டப்பட்டவை. ஓடி முடிக்க நேரம் பிடிக்கும். குழுத் தலைவர் ஆசைப்பட்டார், வைத்தோம்.

இனி எச்சரிக்கைகள். அவற்றைத் தனிக் கோப்பில் எழுதச் சொல்லி, ஹெடர் ஹெடராகப் பிரித்துக்கொண்டோம். விளக்கமே இல்லாத ஃபங்ஷன்களின் பட்டியல் எதிர்பார்த்ததுதான். அதைவிடப் பயன்பட்டவை '@பாராமில் சொன்ன பெயர் ஃபங்ஷனில் இல்லை' என்ற வகை. அப்படி ஒன்று வந்தால், யாரோ ஃபங்ஷனை மாற்றிவிட்டு மேலே இருந்த கமெண்டை மறந்துவிட்டார்கள் என்று பொருள். அத்தகைய ஒவ்வொரு இடத்திலும் பெயரோடு சேர்ந்து விளக்கமும் பழசாகியிருக்க வாய்ப்பு உண்டு. நாங்கள் திருத்தத் தொடங்கியது அங்கிருந்துதான்.

அடுத்த வெளியீட்டின் கிளையில் வார்ன்_அஸ்_எரர் அமைப்பை ஃபெயில்_ஆன்_வார்னிங்ஸ் ஆக்கி, எச்சரிக்கை இருந்தால் பில்டே (நிரலை ஓடும் கோப்பாக்கும் வேலையே) தோற்கும்படி செய்தோம். வெறும் 'யெஸ்' போட்டால் முதல் எச்சரிக்கையிலேயே நின்றுவிடும், இது எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் தோற்கும். உடனே எச்சரிக்கைகள் மளமளவென்று குறைந்தன. சந்தோஷப்பட முடியவில்லை. செட்_டைம்அவுட் என்ற ஃபங்ஷனுக்கு 'டைம்அவுட்டை செட் செய்யும்' என்றும், டைம்அவுட் பாராமீட்டருக்கு 'டைம்அவுட்' என்றும் எழுதி அனுப்பினார்கள். சிலர் ஏஐ கருவியிடம் கொடுத்து இதையே நல்ல ஆங்கிலத்தில் வாங்கிப் போட்டார்கள். டாக்சிஜெனுக்குப் பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கத்தான் தெரியும். சொன்னது உண்மையா, யாருக்காவது உதவுமா என்பதைப் பார்க்க அதற்கு வழியில்லை.

தணிக்கைக்கு வந்த பொறியாளர் பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வியே அந்த டைம்அவுட் மில்லிசெகண்டா, டிக்கா (இயந்திரக் கடிகாரத்தின் ஒரு துடிப்பா) என்பதுதான். பக்கத்தில் பதில் இல்லை. நிரலைத் திறந்து பார்த்து டிக் என்று சொன்னோம். அவர் குறித்துக்கொண்டார், ஆவணத்தை ஏற்றுக்கொண்டார். வேறு எதிலும் பெரிதாக நிற்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பிறகு மறுஆய்வில் சில கேள்விகளை வழக்கமாக்கிவிட்டோம். எண் என்றால் அலகு என்ன, எல்லை என்ன? பாயிண்டர் என்றால் அது காட்டும் நினைவகத்தை யார் விடுவிப்பது? இன்டரப்டுக்குள்ளிருந்து அழைக்கலாமா? கடைசிக் கேள்விக்காக எலியாசஸ் அமைப்பில் எங்களுக்கென்று ஒரு கட்டளை செய்துகொண்டோம். அது, குறித்தவற்றை ஒரே பட்டியலாக்கும் எக்ஸ்ரெஃப்ஐட்டம் கட்டளையைப் பயன்படுத்துவதால், இன்டரப்டுக்குள் அழைக்கக் கூடாத ஃபங்ஷன்கள் எல்லாம் தானாகவே ஒரே பக்கத்தில் வரிசையாக வந்துவிடுகின்றன. எங்கள் ஆட்கள் அடிக்கடி திறந்து பார்க்கும் பக்கம் அதுதான். 'கை வெக்காதே' கமெண்டும் ஒழுங்கான '@வார்னிங்' ஆகி அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய வரியைத் தம்பி அழிக்க விடவில்லை, மூலத்தில் அப்படியே இருக்கிறது.

இன்னும் சரிசெய்யாத கோப்புறைகளை எக்ஸ்க்ளூட் பட்டியலில் போட்டிருக்கிறோம். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதிலிருந்து ஒன்றையாவது எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இப்போது பட்டியலில் மிஞ்சியிருப்பது தகவல்தொடர்புப் பகுதி மட்டும். அதை எழுதியவர் ஓய்வுபெற்றுக் கூலிமில் இருக்கிறார். ஒரு சனிக்கிழமை வரச்சொல்லி, நாசி கண்டார் வாங்கிக் கொடுத்து, அந்தக் கமெண்டுகளில் பாதிக்குமேல் வரும் சுருக்கெழுத்துகள் எதைக் குறிக்கின்றன என்று கேட்டு எழுதிக்கொள்வதாக இருக்கிறோம்.