ஆரெயில்

போன ஞாயிறு பின்னேரம் அண்ணாவின் மகனைக் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணக் கோட்டைக்குப் போனேன். முருகைக்கல் மதிலைத் தடவிக்கொண்டே வந்தவன், அகழியை எட்டிப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, ஒருத்தராலும் பிடிக்கேலாத கோட்டைக்கு ஒரு சொல் சொல்லுங்கோ, கட்டுரைக்கு வேணும்" என்றான். 'வெல்லமுடியாத' என்றேன். ஒரு சொல் கேட்டால் இரண்டைச் சொல்கிறீர்களே என்று முகத்தைச் சுளித்தான். சரி, அவன் கேட்டதில் நியாயம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து திருக்குறளை எடுத்தேன். 'அரண்' அதிகாரத்தில் ஒரு கோட்டைக்கு வேண்டிய நான்கைச் சொல்கிறார் வள்ளுவர்: உயர்வு, அகலம், திண்மை, அருமை. ஏணி எட்டாத உயரம், தோண்டித் தகர்க்க முடியாத அகலம், இடித்தாலும் அசையாத கல்லும் செங்கல்லும் என்று முதல் மூன்றுக்கும் பரிமேலழகர் விளக்கம் தருகிறார். நாலாவது, மதிலில் வைத்த பொறிகளால் பகைவர் கிட்ட நெருங்க முடியாமை. அதுதான் அருமை! சாப்பாடு அருமை, பாட்டு அருமை என்று நாள் முழுக்கச் சொல்கிறோமே, அதே சொல்தான்.

அரு என்றால் கடினம், எளிதில் கிடைக்காதது. அருமையோடு எயில், அதாவது மதில், சேர்ந்தால் ஆரெயில்; உயிர் சேர்ந்தால் ஆருயிர். பகைவனுக்கு எட்டாத மதிலுக்கும் நாம் இழக்க விரும்பாத உயிருக்கும் ஒரே வேர் என்பதை நினைக்க எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது.

வடமொழியில் அஜித, அபராஜித என்றால் வெல்லப்படாதவன் என்று அடித்துச் சொல்வது. தமிழ் பல இடங்களில் அப்படி அறுதியிட்டுச் சொல்வதில்லை. சொல்வன்மையும் சோர்வின்மையும் அஞ்சாமையும் உள்ளவனைப் பற்றிக்கூட 'இகல்வெல்லல் யார்க்கும் அரிது' என்றுதான் குறள் முடிகிறது. முடியாது என்று சொல்லவில்லை, அரிது என்கிறது, அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடிக்கும். எங்கள் கோட்டையையே பாருங்கள், போர்த்துக்கேயரிடமிருந்து 1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள், ஐந்து மூலையோடு இவ்வளவு பலமாகத் திருத்திக் கட்டினார்கள், அப்புறம் 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது.

புறநானூற்றின் 21ஆம் பாட்டில் வேங்கைமார்பன் என்ற சிற்றரசன் தன் கானப்பேர் எயில் என்ற கோட்டையைப் பாண்டியன் உக்கிரப் பெருவழுதியிடம் இழக்கிறான். அதைத் திரும்பப் பெறுவது, கொல்லன் காய்ச்சிய இரும்பு குடித்த நீரை மீட்பதைவிட அரிது என்கிறார் ஐயூர் மூலங்கிழார். சின்ன வயதில் கொல்லன் பட்டறை வாசலில் நின்றிருக்கிறேன். சிவந்த கத்தியைத் தொட்டியில் வைத்ததும் 'சுர்' என்று ஒரு சத்தம், ஆவி, அவ்வளவுதான், அந்தத் தண்ணீரை யார் திருப்பி எடுப்பது! பிடிப்பதற்கு அரிதாக இருந்த கோட்டை, விட்டவனுக்கு மீட்பதற்கு அரிதாகிவிட்டது.

எங்கள் ஊர்ப் பேச்சில் இந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'இப்ப அவர் வாறது அருமை' என்றால் எப்போதாவதுதான் வருகிறார் என்று அர்த்தம். அருமந்த பிள்ளை என்கிறோமே, அது அருமருந்தன்ன பிள்ளை, கிடைத்தற்கரிய மருந்தைப் போன்ற பிள்ளை.

பெடியன் கட்டுரையில் 'ஆரெயில்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டான். பக்கத்தில் இருந்த அம்மாவுக்குக் கட்டுரை பற்றியெல்லாம் கவலையில்லை: "அருமையாத்தான் பிள்ளையை வெளியில கூட்டிக்கொண்டு போறாய், அதுக்கும் இருட்டுமட்டும் வைச்சிருந்தியே!"